‘அமெரிக்காவிலேயே நிறுத்திட்டாங்களாம்’: நம் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி?

அக்காவுக்குப் பிரசவ வலி எடுப்பதற்கு இரண்டு நாள் முன்பு, எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா ஒரு காணொளியைப் பகிர்ந்தார். பிறந்த குழந்தைக்குப் போடும் ஹெபடைட்டிஸ் பி ஊசி இனி வேண்டாம் என்று அமெரிக்காவே சொல்லிவிட்டதாம், நம் நாட்டில் மட்டும் ஏன் பிறந்த அன்றே குத்துகிறார்களாம். தமிழ்க் குரல், பின்னணியில் பயமுறுத்தும் இசை. கீழே சித்தப்பா எழுதியிருந்தது ஒரே வரி: “யோசிச்சு செய்யுங்க.”

அக்கா யோசித்தார். ஜனவரி நடுவில் அரசாங்க மருத்துவமனையில் பெண் குழந்தை பிறந்தது. தாதி ஊசியோடு வந்தபோது, “கொஞ்சம் பொறுங்க மிஸ்ஸி” என்று சொல்லிவிட்டு எனக்கு அழைத்தார். பத்திரிகையில் வேலை செய்பவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும் என்பது வீட்டில் உள்ளவர்களின் நம்பிக்கை. நான் படித்தது தமிழ். தெரியாது என்று சொல்லிவிட்டு, அன்று இரவு முழுவதும் உட்கார்ந்து படித்தேன். இந்தக் கட்டுரை அந்த இரவில் தொடங்கியது.

முதலில், காணொளியில் சொன்னது முழுப் பொய் அல்ல. பாதி உண்மை. 2025 டிசம்பரில் அமெரிக்க அரசின் தடுப்பூசி ஆலோசனைக் குழு, எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்தவுடன் ஹெபடைட்டிஸ் பி ஊசி போட வேண்டும் என்ற பரிந்துரையைக் கைவிட வாக்களித்தது. 1991 முதல் அங்கே இருந்து வந்த பரிந்துரை அது. பரிசோதனையில் தாய்க்குக் கிருமி இல்லை என்று தெரிந்தால், ஊசி போடுவதா வேண்டாமா என்பதைப் பெற்றோர் மருத்துவரோடு பேசி முடிவு செய்யலாம், பிறந்தவுடன் போடாவிட்டால் குறைந்தது இரண்டு மாதமாவது காத்திருக்கலாம் என்பது புதிய நிலை.

காணொளி சொல்லாத மீதிப் பாதி இது. தாய்க்குக் கிருமி இருந்தாலோ, இருக்கிறதா என்று தெரியாவிட்டாலோ, பிறந்தவுடன் ஊசி போட வேண்டும் என்பதை அந்தக் குழுவும் மாற்றவில்லை. அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் பெரிய அமைப்பான அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் இந்த மாற்றத்தை ஏற்கவில்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்தவுடன் போடுங்கள் என்றுதான் இன்றும் சொல்கிறது. அமெரிக்கா நிறுத்திவிட்டது என்பதைவிட, அமெரிக்கா தனக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது என்பது சரி.

அந்தச் சண்டைக்கும் என் அக்கா மகளுக்கும் என்ன தொடர்பு?

ஹெபடைட்டிஸ் பி கல்லீரலைத் தாக்கும் கிருமி. பெரியவர்களுக்குத் தொற்றினால் பெரும்பாலோர் குணமாகிவிடுவார்கள். 100 பேரில் ஐந்து பேருக்கும் குறைவானவர்களுக்குத்தான் அது உடம்பில் நிலையாகத் தங்கும். பிறக்கும்போதே தாயிடமிருந்து தொற்றினால் கணக்கு அப்படியே தலைகீழ். 100 குழந்தைகளில் ஏறத்தாழ 90 பேருக்குத் தங்கிவிடும். அழாது, காய்ச்சல் வராது, குழந்தை நன்றாகப் பால் குடிக்கும், பள்ளிக்குப் போகும், கல்யாணம் செய்துகொள்ளும். நாற்பது ஐம்பது வயதில் கல்லீரல் சுருங்கி நிற்கும், அல்லது புற்றுநோயாக வந்து நிற்கும். பிறந்த 24 மணி நேரத்துக்குள் ஊசி என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்வதன் காரணம் இதுதான். கிருமி முந்துமா ஊசி முந்துமா என்ற ஓட்டம் அது.

கிழக்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் இந்தக் கிருமி நெடுங்காலமாகவே அதிகம். அதனால்தான் தைவான் 1984இலேயே குழந்தைகளுக்கு இந்த ஊசியைத் தொடங்கியது. மலேசியா 1989இல் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்த்தது. அமெரிக்கா 1991இல் பரிந்துரைத்தது. ஆக, நாம் அவர்களைப் பார்த்து ஆரம்பிக்கவில்லை. அவர்களைப் பார்த்து நிறுத்துவானேன்?

இதை எழுதும்போது எனக்கு நினைவுக்கு வருவது பெரிய மாமா. 1958இல் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். குடிப்பழக்கம் இல்லாதவர். ஐம்பது வயதில் வயிறு வீங்கி மருத்துவமனைக்குப் போனபோதுதான் தனக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பதே அவருக்குத் தெரிந்தது. ஒரு வருடத்தில் போய்விட்டார். யாரிடமிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. பாட்டி அதற்கு முன்பே இறந்துவிட்டார். “குடிக்காத மனுஷனுக்குக் கல்லீரல் எப்படிக் கெட்டுச்சு?” என்று இழவு வீட்டில் கேட்டவர்களுக்கு அன்று எங்களில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

அதை அக்காவிடம் சொன்னேன். விடிவதற்குள் குழந்தைக்கு ஊசி போட்டாகிவிட்டது.

தடுப்பூசி அட்டவணை உலகம் முழுவதற்கும் பொதுவான வேதம் அல்ல. எந்த ஊரில் எந்த நோய், எந்த வயதில் பிள்ளைகளைப் பிடிக்கிறது என்பதை வைத்து எழுதப்படுவது அது. நம் நாட்டுக்குள்ளேயே பாருங்கள். சரவாக்கில் ஜப்பானிய மூளைக் காய்ச்சலுக்கான ஊசி குழந்தைகளின் அட்டவணையிலேயே இருக்கிறது, 9 மாதத்திலும் 21 மாதத்திலும். சபாவில் தட்டம்மைக்கு 6 மாதத்திலேயே ஓர் ஊசி கூடுதலாகப் போடுகிறார்கள். அங்கே குழந்தைகள் இன்னும் சின்ன வயதிலேயே தட்டம்மையில் விழுந்ததுதான் காரணம்.

தட்டம்மையை வைத்தே இன்னொன்றும் சொல்லலாம். அமெரிக்காவில் தட்டம்மைக்கான முதல் ஊசி ஒரு வயது முடிந்த பிறகு. நம் நாட்டில் 2016 முதல் 9 மாதத்தில் ஒன்று, 12 மாதத்தில் ஒன்று. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி குழந்தையின் உடம்பில் இருக்கும்வரை ஊசி முழுதாக வேலை செய்யாது. அது குறைந்த பிறகு ஊசி போடாமல் விட்டால் நோய் முந்திக்கொள்ளும். கொஞ்சம் பொறுத்தால் ஊசி நன்றாகப் பிடிக்கும், ஆனால் பொறுக்கும் அந்த மூன்று மாதத்தில் தட்டம்மை வரலாம். நோய் அரிதாக இருந்த ஊர் பொறுத்தது. நாம் பொறுக்கவில்லை, அதை ஈடுகட்ட இரண்டாவது ஊசியைச் சீக்கிரம் வைத்துக்கொண்டோம். அமெரிக்க அட்டவணையைப் பதிவிறக்கம் செய்து கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ குழந்தை வளர்ப்பவர் இந்த மூன்று மாதத்தைச் சும்மா இழக்கிறார். அமெரிக்காவுக்கே கூட அந்த நிம்மதி நிலைக்கவில்லை. 2025இல் டெக்சஸில் பரவிய தட்டம்மையில் ஊசி போடாத இரண்டு பள்ளிப் பிள்ளைகள் இறந்தார்கள்.

அட்டவணையில் நோய்க் கணக்கு மட்டுமல்ல, பணக் கணக்கும் இருக்கிறது. இதைச் சுகாதார அமைச்சின் விளம்பரத்தில் யாரும் சொல்வதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். நியூமோகோக்கல் ஊசி 2020 டிசம்பரில்தான் இலவசத் திட்டத்துக்குள் வந்தது. அந்த ஆண்டு ஜனவரி 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு 4, 6, 15 மாதங்களில் போடப்படுகிறது. அதற்கு முன்பு தனியார் கிளினிக்கில் காசு கொடுத்துப் போட்டால்தான் உண்டு. நிமோனியாவையும் மூளைச் சவ்வு அழற்சியையும் கொண்டுவரும் அந்தக் கிருமி 2019 குழந்தைகளிடம் மென்மையாக நடந்துகொள்ளவில்லை. மாறியது அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டம். ஆகவே அட்டவணையில் இருப்பவை அவசியமானவை என்று நம்பலாம். அட்டவணையில் இல்லாதவை தேவையற்றவை என்று நம்ப வேண்டியதில்லை.

ரோட்டா வைரஸ் சொட்டு மருந்து இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கைக்குழந்தைகளுக்குக் கடும் வயிற்றுப்போக்கைத் தரும் நோய் அது. இந்தியாவில் அரசாங்கமே இலவசமாகக் கொடுக்கிறது. இங்கே தனியார் கிளினிக்கில் சில நூறு ரிங்கிட் ஆகும். அந்தந்த மருந்தைப் பொறுத்து இரண்டு அல்லது மூன்று தவணை. சின்னம்மை ஊசியும் அப்படித்தான். சிங்கப்பூரில் 2020 நவம்பர் முதல் தேசிய அட்டவணையில் இருக்கிறது, நம் நாட்டில் சொந்தச் செலவு.

மாதச் சம்பளம் பத்தாம் தேதியோடு முடிந்துவிடும் குடும்பத்தில் உண்மையான கேள்வி “தடுப்பூசி நல்லதா கெட்டதா” என்பது அல்ல. “இந்த மாதம் இதற்கு முடியுமா” என்பதுதான். அந்தக் கேள்விக்கு ஒரு பெற்றோருக்கு உதவக்கூடிய தகவல் ஒன்று உண்டு, எங்கள் வீட்டில் அது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. ரோட்டா சொட்டு மருந்துக்கு வயது வரம்பு இருக்கிறது. முதல் தவணையைப் பொதுவாகக் குழந்தைக்கு 15 வாரம் ஆவதற்குள் தொடங்கிவிட வேண்டும். போனஸ் வரட்டும், தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைத்தால் கதவு மூடிவிடும். சின்னம்மை அப்படி அல்ல. ஒரு வயதுக்குப் பிறகுதான் அதன் முதல் ஊசியே, பிறகும் எப்போது வேண்டுமானாலும் போடலாம். சளிக்காய்ச்சல் ஊசி 6 மாதத்துக்குப் பிறகு, ஆண்டுதோறும். கையில் குறைந்த பணம் இருந்தால் எதை முதலில் வாங்குவது என்பதற்கு இந்த வரிசை ஒரு துப்பு. அக்காவும் அத்தானும் அதை வைத்துத்தான் கணக்குப் போட்டார்கள்.

இலவசமானவற்றுக்கு வருவோம். நான் பார்த்த அளவில், நம் சமுதாயத்தில் ‘தடுப்பூசியே வேண்டாம்’ என்று முகத்துக்கு நேரே சொல்பவர்கள் குறைவு. ‘அடுத்த மாசம் பார்க்கலாம்’ என்பவர்கள் அதிகம். அத்தான் ஜொகூர் பாலம் தாண்டி வேலைக்குப் போகிறார், கிளினிக்குக் கூட்டிப்போக ஆள் இல்லை. போன தடவை ஊசி போட்டு இரண்டு நாள் காய்ச்சல், பாட்டி பயந்துவிட்டார். பிள்ளைக்கு மூக்கு ஒழுகுகிறது. வீடு மாறியாயிற்று, சுகாதாரப் பதிவுப் புத்தகத்தைக் காணோம். ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். நான்கு நியாயமான காரணங்கள் சேர்ந்தால் ஒரு வயதுக் குழந்தை பாதி ஊசியோடு நிற்கும். மறுத்த பெற்றோரைத் தாதியர் தேடி வந்து பேசுவார்கள். தள்ளிப்போட்டவர் தன்னை மறுத்தவராக நினைப்பதே இல்லை.

லேசான சளிக்காக ஊசியைத் தள்ளிப்போடத் தேவையில்லை. கடும் காய்ச்சல் என்றால் சில நாள் பொறுக்கலாம், சில மாதம் அல்ல. தவணை தவறிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதும் இல்லை, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். திட்டுவார்களோ என்று பயந்து கிளினிக் பக்கமே போகாமல் இருப்பவர்கள் இருக்கிறார்கள். சில இடங்களில் திட்டும் விழுகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். வாங்கிக்கொண்டு ஊசியைப் போட்டுவிட்டு வரலாம்.

தள்ளிப்போடுவதற்குப் பின்னால் இன்னொரு எண்ணமும் உண்டு: இந்த நோயெல்லாம் இப்போது எங்கே இருக்கிறது? தொண்டை அடைப்பான் என்ற பெயரையே என் வயதினர் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 2016இல் அது கெடாவிலும் மலாக்காவிலும் குழந்தைகளின் உயிரைக் குடித்தது. 2019 ஜூனில் கிளந்தான், குவா மூசாங் அருகே கோலா கோ கிராமத்து பாத்தெக் பூர்வகுடியினரிடையே அடுத்தடுத்து மரணங்கள் நிகழ்ந்தபோது, முதலில் என்ன நோய் என்றே புரியவில்லை. பிறகு அங்கே தட்டம்மை உறுதியானது. அதே ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி, சபா துவாரானில் மூன்று மாத ஆண் குழந்தைக்கு இளம்பிள்ளை வாதம் என்று அறிவித்தார்கள். நாட்டில் 27 ஆண்டுகளாக இல்லாத நோய். 2000ஆம் ஆண்டிலேயே போலியோ இல்லாத நாடு என்று பெயர் வாங்கியிருந்தோம்.

அந்த மூன்று மாதக் குழந்தையைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்த வயதில் தவணைகள் முழுமையாக முடிந்திருக்காது. கைக்குழந்தைக்குப் பாதுகாப்பு அதன் கையில் இருக்கும் புத்தகம் மட்டுமல்ல, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புத்தகமும்தான். தட்டம்மை இன்னும் மோசம். நோயாளி அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை கிருமி காற்றில் இருக்கும். ஊரில் 100 பேரில் 95 பேருக்குப் பாதுகாப்பு இருந்தால்தான் அதை நிறுத்த முடியும் என்கிறார்கள். கல்யாண மண்டபத்தில் கைமாறிக் கைமாறிக் கொஞ்சப்படும் எட்டு மாதக் குழந்தையை நினைத்துப் பாருங்கள்.

அம்மை என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். தமிழில் பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை எல்லாம் ஒரே தாயின் பிள்ளைகள்போல் ஒலிக்கின்றன. ஆனால் அவை வெவ்வேறு கிருமிகள். 9 மாதத்தில் போடும் முக்கூட்டு ஊசி தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா ஆகியவற்றுக்கு. சின்னம்மைக்கு அல்ல. “பிள்ளைக்கு அம்மை ஊசி போட்டாச்சு, அப்புறமும் அம்மை வந்துச்சு, ஊசியெல்லாம் சும்மா” என்று சொல்பவர்களிடம் எந்த அம்மை என்று கேளுங்கள். பெரும்பாலும் போட்டது தட்டம்மைக்கு, வந்தது சின்னம்மை. நம் மொழியால் வந்த குழப்பம் இது, கிளினிக்கில் மலாய் மொழியில் விளக்கும்போது தீராது.

அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை செருகுவதையும் மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்வதையும் நான் குறைத்துப் பேச மாட்டேன். எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம். ஆனால் நம்பிக்கை இருப்பவர்கள் ஊசிக்கு எதிரிகள் என்று நினைத்தால் தவறு. என் அம்மாவின் மேல் கையில் அம்மை குத்திய தழும்பு இருக்கிறது. தோட்டத்தில் வரிசையில் நிற்கவைத்துக் குத்தினார்களாம். அந்தத் தலைமுறை கோயிலுக்கும் போனது, கையையும் நீட்டியது. 1980இல் பெரியம்மை உலகத்திலேயே இல்லை என்று அறிவிக்கப்பட்டது. எனக்கு அந்தத் தழும்பு தேவைப்படவில்லை.

சித்தப்பாவின் காணொளி தமிழில் இருந்ததும் தற்செயல் அல்ல. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி இயக்கம் நடந்தபோது வாட்ஸ்அப் வதந்திகளைக் கேட்டுப் பெற்றோர் பயந்தார்கள். குறித்த நாளில் முடிக்க முடியாமல் இயக்கத்தை நீட்டிக்க வேண்டியதாயிற்று. ஆட்டிசம் கதையும் இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. 1998இல் இங்கிலாந்தில் ஒரு மருத்துவர் எழுதிய ஆய்வு அதன் மூலம். அந்த ஆய்வை வெளியிட்ட இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவர் உரிமமும் பறிபோனது. 2019இல் டென்மார்க்கில் 657,461 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு, முக்கூட்டு ஊசி போட்டவர்களுக்கு ஆட்டிசம் கூடுதலாக வரவில்லை என்று காட்டியது. இருந்தும் ஒரு தாயின் பயம் எனக்குப் புரிகிறது. குழந்தை பேசத் தாமதிப்பது தெரியவரும் வயதும் ஊசி போடும் வயதும் ஒன்றாக இருப்பதால், முன்னால் நடந்தது காரணமாகத் தோன்றிவிடுகிறது. அந்தத் தாயைப் பார்த்துச் சிரிப்பவர்களைவிட, பேச்சுப் பயிற்சிக்கு எங்கே போவது என்று சொல்பவரே அவருக்குத் தேவை.

நம் நாட்டில் குழந்தைத் தடுப்பூசி சட்டப்படிக் கட்டாயம் அல்ல. சிங்கப்பூரில் தட்டம்மைக்கும் தொண்டை அடைப்பானுக்கும் சட்டம் இருக்கிறது. வெளிநாட்டில் பிறந்த 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நீண்டகால அனுமதியில் அங்கே போய் வாழ வேண்டுமானால், 2019 பிப்ரவரி முதல் அந்த இரண்டுக்கும் சான்று காட்ட வேண்டும். வேலை மாறிக் குடும்பத்தோடு அங்கே போகும் ஜொகூர்க்காரர்கள் அப்போதுதான் அவசரமாகப் புத்தகத்தைத் தேடுகிறார்கள். இங்கேயும் கட்டாயமாக்க வேண்டும் என்ற பேச்சு ஒவ்வொரு மரணத்துக்குப் பிறகும் எழுந்து அடங்குகிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கிளினிக்குப் போக ஒரு நாள் கூலியை விட வேண்டிய பெற்றோருக்குச் சட்டம் இன்னொரு பயத்தைத்தான் கூட்டும். சனிக்கிழமையும் ஊசி போடும் கிளினிக், தமிழ் பேசும் ஒரு தாதி, ரோட்டாவையும் இலவசமாக்கும் ஒரு வரவு செலவுத் திட்டம், இவற்றைச் செய்துவிட்டுப் பிறகு சட்டத்தைப் பேசலாம்.

அக்கா மகளுக்கு இரண்டு மாத ஊசி போட்டாகிவிட்டது. ஆறு நோய்க்கும் சேர்த்து ஒரே ஊசி. 2020 நவம்பரில் வந்த மாற்றம். அம்மா பக்கத்தில் நின்று, “போலியோ சொட்டு கொடுக்கலையா?” என்று இரண்டு முறை கேட்டார். 2008இலேயே அது ஊசிக்குள் போய்விட்டது என்று தாதி மலாயில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். அன்று இரவு குழந்தைக்குக் காய்ச்சல், மறுநாள் மதியம் தணிந்தது. ரோட்டா முதல் தவணைக்குத் தனியார் கிளினிக்கில் பெயர் கொடுத்திருக்கிறார்கள், அதற்காக அத்தான் கைத்தொலைபேசி மாற்றுவதைத் தள்ளிவைத்துவிட்டார். சின்னம்மைக்கு அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்று இருக்கிறார்கள்.

சித்தப்பா சென்ற வாரம் இன்னொரு காணொளி அனுப்பினார். அக்கா அதைப் பார்க்கவில்லை. பதிலுக்குப் பதிவுப் புத்தகத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார், மூன்றாவது மாதத் தேதியைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு.